கோதுமையும் பாலும் சேராத தீபாவளிப் பலகாரம்: எங்கள் அடுக்களைக் குறிப்புகள்

இந்தத் தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொண்டோம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் அடுக்களைக்குள் வரக்கூடாது. பால், பால்கோவா, பால் பவுடர், கண்டென்ஸ்டு மில்க் எதுவும் பலகாரத்தில் சேரக்கூடாது. அக்கா மகளுக்கு எட்டு வயது. அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பது இந்த வருஷம்தான் உறுதியானது. அதோடு லாக்டோஸும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மட்டும் தனி டப்பாவில் நாலு உருண்டை பிடித்து வைத்தால் போதாதா என்று சொந்தத்தில் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பண்டிகை நாளில் ஒரு பிள்ளை மட்டும் தன் டப்பாவைத் தேடிப் போய்த் தின்பது எனக்குப் பொறுக்காது. எல்லோருக்கும் ஒரே பலகாரம், ஒரே தாம்பாளம். அப்படி வைத்துக்கொண்டால் கலந்துவிடுமோ என்ற பயமும் பாதி போய்விடும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளுட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு அவர்களுடைய சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. சத்து ஏறாது, இரும்புச்சத்து குறையும், பிள்ளை வளராது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதியும் அந்த உறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது. நுனி மழுங்கினால் பாலும் செரிக்காது. இவளுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் அதுதான் என்று மருத்துவர் சொன்னார். கோதுமையை முழுதாக விட்டால் குடல் ஆறும், சில மாதங்களில் பால் மறுபடி ஒத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. அதுவரை பாலும் வேண்டாம்.

படிக்கிற யாருக்காவது வீட்டில் சந்தேகம் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்பே நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

எங்கள் ஊர் திருநெல்வேலி. இங்கே இனிப்பு என்றாலே அல்வா. அது சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்துச் செய்வது. சக்கையைப் பிழிந்து போட்டுவிடுகிறோமே, மாவுச்சத்து மட்டும்தானே பாலில் வருகிறது என்று கேட்டார்கள். அப்படியில்லை. பாலோடு குளுட்டனும் வந்துவிடும். அது இல்லாமல் அல்வா பிடிக்க முடியுமா என்பதுதான் இந்த வேலையில் என்னை அதிகம் இழுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்டியல் போட்டோம். அதிரசம், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, பாசிப்பருப்பு உருண்டை, மைசூர்பாகு, ஓலைக் கொழுக்கட்டை, தொதல், தூத்துக்குடி மக்ரூன். எங்கள் வீட்டுச் செய்முறையில் இவை எதிலும் கோதுமை கிடையாது, பாலும் கிடையாது. வெளிநாட்டு பிஸ்கட்டைத் தேடி அலைய வேண்டாம், நம் பாட்டிமார் பலகாரத்தில் பாதி ஏற்கெனவே இவளுக்கானதுதான் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டோம். பெயர் ஏமாற்றும் இடங்களும் உண்டு. முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் செய்வது, லாக்டோஸ் இல்லை. ஆனால் அடிப்படை கோதுமைப் பால். திருவையாற்று அசோகா பாசிப்பருப்பில் செய்வதுதான், ஆனால் கோதுமை மாவும் சேரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் கோதுமை இல்லை. ஆனால் பாலைச் சுண்டக் காய்ச்சும்போது அதிலுள்ள லாக்டோஸ் எங்கும் போவதில்லை. நூறு கிராம் பாலில் 5 கிராம் அளவுக்கு இருப்பது, சுண்டிய கோவாவில் 20 கிராமைத் தாண்டிவிடும்.

செய்முறையில் கோதுமை இல்லையென்றால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அரிசி மாவு எந்த மெஷினில் அரைபட்டது, எண்ணெயில் முன்னால் எது பொரிந்தது, சல்லடையில் நேற்று எதைச் சலித்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிப்படி ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருந்தால் அதைக் குளுட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாது. உலக அளவிலான கோடெக்ஸ் தரமும் அதேதான். கோதுமை மாவில் நூற்றுக்கு எட்டுப் பங்குபோல் குளுட்டன் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு விழுந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகை.

இந்தக் கணக்கோடு எங்கள் தெரு மாவு மில்லுக்குப் போனேன். அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரே மெஷின்.

“அண்ணாச்சி, கோதுமை அரைச்சதுக்கப்புறம் மெஷினைக் கழட்டித் துடைப்பீங்களா?”

“கழட்டவெல்லாம் மாட்டோம்மா. அடுத்து ஒரு படி அரிசி ஓட்டுனா மாவெல்லாம் வெளிய வந்துரும். ஏன், என்ன விஷயம்?”

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா இங்க அரைக்காதீங்க. சுவரெல்லாம் மாவுதான் பறக்குது. பிள்ளைக்கு எதுக்கு வம்பு” என்றார். வியாபாரத்தை விட்டுக் கொடுத்து உண்மையைச் சொன்ன அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டு மிக்ஸிதான்.

மிக்ஸி ஜாரிலும் வேலை இருந்தது. பழைய ஜாரின் ரப்பர் வளையத்துக்கு அடியில் மாவு ஏறி உறைந்திருக்கும், வளையத்தை மாற்றினோம். இரும்புச் சல்லடை, மரக் கரண்டி, சப்பாத்திப் பலகை மூன்றையும் பரணில் ஏற்றிவிட்டு, சல்லடையும் கரண்டியும் புதிதாக வாங்கினோம். கண்ணியில் அடைத்துக்கொள்ளும் மாவும் மரத்துக்குள் ஏறும் மாவும் கழுவினால் போவதில்லை. எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும். பருப்பு வகைகளை முறத்தில் புடைத்துக் கையால் பொறுக்கினோம். சில்லறையாக வாங்கிய பாசிப்பருப்பில் நிஜமாகவே கோதுமை மணிகள் கிடந்தன. அடுத்து பெருங்காயம். இனிப்பில் அதற்கு வேலையில்லை, ஆனால் முறுக்குச் சுடாத தீபாவளி உண்டா? கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். அது அநேகமாக மைதா. கட்டியாக வருவதிலும் உண்டு. அட்டையைத் திருப்பிப் படித்து, அரிசி மாவு கலந்தது என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்கினேன்.

அதிரசத்துக்கு ஒரு கிலோ மாவுப் பச்சரிசி, முக்கால் கிலோ பாகு வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் வேட்டியில் பரப்பினோம். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துச் சலித்தோம். மிக்ஸி மாவு மில் மாவைவிடச் சற்றுக் கொரகொரப்பாகத்தான் வரும், அதனால் கப்பியை மறுபடி மறுபடி அரைக்க வேண்டியிருக்கிறது. பாகு உருட்டுப் பதம்: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும். இறக்கி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறினோம். பாகு இளக்கமாகிவிட்டால் கைக்குக் கிடைத்த மைதாவைத் தூவிச் சரிக்கட்டுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கடையில் வாங்கும் அதிரசத்தை நான் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் ஒரு டம்ளர் அரிசி மாவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டோம், தேவைப்பட்டது. இரண்டு நாள் மூடிவைத்து, வாழையிலையில் எண்ணெய் தொட்டுத் தட்டி, புதுக் கடலை எண்ணெயில் மிதமான தீயில் சுட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடித்தோம். இதில் குறையே இல்லை. போன வருஷ அதிரசத்தைவிட நன்றாக இருந்ததாக அம்மாவே சொன்னாள். வீட்டில் அரைத்த ஈர மாவுக்கு அந்த மெத்தென்ற தன்மை தானாக வருகிறது.

இனி அல்வா.

கோதுமை அல்வாவின் அந்த வழுவழுப்பும் இழுவையும் மாவுச்சத்து வெந்து கூழாகி, நெய்யோடும் சர்க்கரையோடும் சுண்டுவதால் வருவது. அப்படியானால் வேறு மாவுச்சத்தில் அதைப் பிடிக்கலாம் என்பதுதான் கணக்கு. வெறும் பச்சரிசிப் பாலில் கிளறியபோது சூடாக இருக்கையில் அருமையாக இருந்தது. மறுநாள் காலையில் வில்லை போட்டு வெட்டுகிற அளவுக்கு இறுகிவிட்டது. ஆறிய சோறு விறைக்கிறதே, அதே காரணம்தான். ஆரோரூட் மாவில் கண்ணாடிபோல் பளபளவென்று வந்தது, ஆனால் வாயில் வைத்தால் கொழகொழவென்று நழுவிப் போனது, கடிக்க ஒன்றுமில்லை. மக்காச்சோள மாவில் (கார்ன்ஃப்ளவர்) செய்வது பாம்பே அல்வா. அது ரப்பர்போல் இழுக்கும். அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வேண்டியது அதுவல்ல. கடைசியில் பச்சரிசி மூன்று பங்கு, ஜவ்வரிசி ஒரு பங்கு என்ற கலவை கைகொடுத்தது. ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து. அது ஆறினாலும் சீக்கிரம் விறைப்பதில்லை, அரிசியின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது.

நாங்கள் செய்த அளவு இது. பச்சரிசி 150 கிராம், நாலு மணி நேரம் ஊற வேண்டும். ஜவ்வரிசி 50 கிராம், இரண்டு மணி நேரம். இரண்டையும் சேர்த்து மையாக அரைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். தேங்காய் இரண்டு. கெட்டியான முதல் பால் 400 மில்லி தனியாக, இரண்டாம் மூன்றாம் பால் சேர்த்து 600 மில்லி. கருப்பட்டி அரைக் கிலோ. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டாமல் சேர்க்கவே கூடாது, அடியில் மண் நிற்கும். அடிகனமான உருளியில் மாவுப்பால், இரண்டாம் பால், கருப்பட்டிக் கரைசல் மூன்றையும் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். முதலில் சூடாக்கிவிட்டு மாவை ஊற்றினால் கட்டி தட்டும்.

கொதிக்க ஆரம்பித்ததும் கையை எடுக்க முடியாது. கெட்டியாகக் கெட்டியாக முதல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினோம். அக்காவும் நானும் மாற்றி மாற்றி, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல். பாதி நேரம் வரை இது கூழ்தானோ என்று தோன்றும். அதற்குப் பிறகு நிறம் கருகருவென்று மாறி, ஓரத்தில் தேங்காயெண்ணெய் பிரிந்து வரத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். எண்ணெய் நன்றாகக் கக்கி, மொத்தமும் ஒரே உருண்டையாகத் திரண்டு உருளியோடு சுற்ற வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், எண்ணெயில் வறுத்த முந்திரி. தட்டில் எண்ணெய் தடவி ஊற்றினோம். நெய் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கீழக்கரையிலும் இலங்கையிலும் செய்யும் தொதலுக்கு இது நெருங்கிய உறவு என்பது தின்றவுடன் புரியும். நெல்லை அல்வாவின் நெய் வாசனை இதில் வராது, அப்படி வரும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. மறுநாள் லேசாக இறுகினால் இட்லிச் சட்டியில் ஆவி காட்டினால் போதும், பழைய பதத்துக்கு வந்துவிடும். “சித்தி, இது அல்வாதானே?” என்று பாப்பா கேட்டாள். ஆமாம் என்றேன்.

மக்ரூனைத் தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்துவிடலாமே என்று அத்தான் சொன்னார். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள், செய்முறையில் இவளுக்கு ஆகாதது எதுவும் இல்லை. ஆனால் பேக்கரியில் அதே மேஜையில் பன்னும் கேக்கும் மைதாவில் உருளும். அதனால் வீட்டு ஓடிஜி மின்சார அடுப்பில் செய்தோம். நாலு முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் முந்திரி. சர்க்கரையை வீட்டிலேயே பொடித்தோம். முந்திரியை விட்டு விட்டு ஓட்டிப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களிபோல் ஆகிவிடும். வெள்ளைக்கருவில் ஒரு பொட்டு மஞ்சள் கரு கலந்தாலும் சரியாக நுரைக்காது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முந்திரிப் பொடியைக் கையால் மெதுவாகப் புரட்டினோம். கூம்பு கூம்பாகப் பிழிந்து 100 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட்டோம். வேகவைக்கிறோம் என்பதைவிட உலர்த்துகிறோம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்காற்றில் வெளியே வைத்தால் அரை மணியில் பிசுபிசுக்கும். சூடு ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவுக்குள் போக வேண்டும்.

எள்ளுருண்டை, பாசிப்பருப்பு உருண்டை இரண்டையும் எல்லோரும் செய்வதுபோலத்தான் செய்தோம், புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மைசூர்பாகுக்குக் கடலை மாவை வாங்காமல் கடலைப்பருப்பை வறுத்து அரைத்துக்கொண்டோம். பாயசம் சேமியாவுக்குப் பதில் பாசிப்பருப்பும் வெல்லமும். தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் திரியாது.

நெய்யைப் பற்றிக் கேட்பார்கள். வெண்ணெயை நன்றாகக் காய்ச்சி, கசடு சிவந்து அடங்கிய பிறகு வடிகட்டிய நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லிவிடலாம். மருத்துவரிடம் கேட்டு, மைசூர்பாகுக்கும் பாசிப்பருப்பு உருண்டைக்கும் அதைச் சேர்த்தோம். அடியில் நின்ற கசடும், நெய் காய்ச்சிய சட்டியில் பிசைந்த சோறும் அவளுக்குக் கிடையாது. பாலில் உள்ள புரதம் ஒவ்வாத பிள்ளைகள் விஷயம் முற்றிலும் வேறு. அவர்களுக்கு நெய்யும் கொடுக்கக் கூடாது.

வீட்டில் மிகக் கடினமாக இருந்தது ஆச்சிக்கு விளங்க வைப்பதுதான். ஆச்சிக்குப் பிள்ளைமேல் கொள்ளைப் பிரியம். “துளி சோமாசு குடுத்தா என்னம்மா ஆயிரும்? நம்ம ஊர்ல யாருக்கு இப்படி ஒரு நோவு வந்திருக்கு?” என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் மூன்று பகுதிகளில் நடந்து 2016ல் வெளியான ஆய்வில், வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோய் காணப்பட்டது. தெற்கே ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான். நாம் அரிசி தின்று வளர்ந்தவர்கள், ஆச்சி காலத்தில் கோதுமை வீட்டுக்குள் வந்ததே எப்போதாவதுதான். அதனால் நான் ஆய்வைச் சொல்லவில்லை, நெதர்லாந்தில் நடந்ததைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் அங்கே ரொட்டிக்கே வழியில்லாமல் பஞ்சம். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், ரொட்டி கிடைக்காத நாட்களில் இந்த நோய் கண்ட பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்ததையும் கவனித்தார். 1950ல் கோதுமைதான் காரணம் என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். ஆச்சி முழுதும் கேட்டுவிட்டு, “பஞ்சத்துலயா பிள்ளைங்க தேறுச்சு?” என்றார். பிறகு சோமாசுப் பேச்சை எடுக்கவே இல்லை. எள்ளுருண்டை முழுக்க ஆச்சி பிடித்ததுதான்.

தெருவில் கொடுத்துவிட்ட தட்டுகளிலும் இதே பலகாரம்தான் போனது. பதிலுக்கு வந்த பலகாரங்களை என்ன செய்வது என்பதைத்தான் முன்னமே யோசித்து வைத்தோம். வாங்க மாட்டோம் என்று சொன்னால் மனசு சங்கடப்படும். வாங்கி, வாசல் அறையில் மூடியுள்ள ஒரு தூக்குவாளியில் வைத்து, பெரியவர்கள் அங்கேயே தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வருவது என்று வைத்துக்கொண்டோம். எதிர்வீட்டு மதினி மட்டும் விவரம் கேட்டுக்கொண்டு போய், கோதுமை படாமல் பொரிவிளங்காய் உருண்டை செய்து கொண்டுவந்தாள். எந்தச் சட்டியில் வறுத்தாள், எதில் அரைத்தாள் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். அதை உள்ளே தாம்பாளத்தில் வைத்தோம்.

அடுத்து கார்த்திகை. நெல் பொரி, அவல் பொரி இரண்டும் அரிசிதான், வெல்லப் பாகும் சரி. ஆனால் பொரிக்காரர் மணலில் வறுக்கிறார். அதே சட்டியில் கோதுமையும் வறுப்பாரா என்று இந்த வாரம் போய்க் கேட்க வேண்டும். வறுப்பார் என்றால் வீட்டிலேயே நெல்லைப் பொரித்துப் பார்க்கப் போகிறோம்.